டாட்ஜ் நியான் (1995–99): ஒரு மலிவு காரின் வடிவமைப்பைப் பற்றி நிதானமாகப் பேசலாமா?

#1 கூரைக்கோடு

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கச் சின்ன கார்கள் என்று பேச்செடுத்தாலே "பிளாஸ்டிக் டப்பா" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். ஒன்றையாவது உட்கார்ந்து சரியாகப் பார்ப்போம் என்றுதான் இந்த இழை. நான் எடுத்துக்கொள்வது முதல் தலைமுறை நியான். கிறைஸ்லர் நிறுவனம் இதை டாட்ஜ், பிளிமத் என்று தன் இரண்டு பெயர்ப்பலகையில் விற்றது. பேட்ஜைத் தவிர இரண்டும் ஒரே கார். பெயர்கூட ஒன்றுதான், இரண்டிலும் நியான்.

1994 ஜனவரியில், 1995 மாடலாகக் கடைக்கு வந்தது. அடிப்படை மாடலின் விலை 9,000 டாலருக்குச் சற்றுக் கீழே. அதற்கு முன் அந்த இடத்தில் கிறைஸ்லர் விற்றுக்கொண்டிருந்தவை டாட்ஜ் ஷேடோவும் பிளிமத் சன்டான்ஸும். இரண்டும் கே-கார் என்ற கிறைஸ்லரின் பழைய கார் வரிசையின் வழிவந்தவை, நிமிர்ந்து நிற்கும் பெட்டி போன்ற உருவம். ஷேடோவும் நியானும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஆனால் நியானில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 7 அங்குலம் கூடுதல். வாங்குகிறவர் தெருவில் அடைக்கும் இடம் அதேதான்; உள்ளே உட்காருகிறவருக்குக் கால் நீட்ட இடம் கிடைத்துவிட்டது. நான் வடிவமைப்பு என்று சொல்வது முதலில் இதைத்தான்.

நான் 1998-ல் ஒய்2கே (2000-ம் ஆண்டுக் கணினிப் பிழை) வேலைக்காக இல்லினாய் வந்தவன். பஸ் வராத ஊரில் அபார்ட்மென்ட். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் "கொரோலா, இல்லாவிட்டால் சிவிக், வேறு எதையும் பார்க்காதே" என்றார்கள். பழைய கார் விற்கும் இடத்தில் அந்த இரண்டையும்தான் பார்க்கப் போனேன். வரிசையின் கடைசியில் ஒரு கரும்பச்சை நியான் நின்றது. உருண்டையான இரண்டு ஹெட்லைட், நடுவே சிரித்த மாதிரி ஒரு காற்றுவாய். தாழ்ந்த மூக்கு. அங்கிருந்து பானெட், கண்ணாடி, கூரை, டிக்கி என்று ஒரே கோடு வளைந்து இறங்குகிறது, எங்கேயும் ஒடியவில்லை. அதை வாங்கி ஆறு வருடம் ஓட்டினேன். காசு குறைவாக இருக்கும் ஒருவனுக்கும் பார்க்க நன்றாக இருக்கும் ஒரு பொருளைச் செய்து தரலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த எண்ணத்துக்காகவே எனக்கு அந்தக் கார் மேல் மதிப்பு.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். குறையும் சொல்லலாம்.

#2 சனிவளையம்

நல்ல இழை. ஆனால் மலிவு அமெரிக்கக் கார், வடிவமைப்பு என்று பேசினால் என் ஓட்டு ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்னுக்கு. டென்னஸியில் ஸ்பிரிங் ஹில் ஆலை, 1990-ல் தொடக்கம். உள்ளே இரும்புச் சட்டகம், கதவிலும் பக்கவாட்டிலும் பாலிமர் பலகைகள். கடை வாசலில் யாராவது தள்ளுவண்டியைக் கதவில் மோதினால் பலகை உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும், தடமே இருக்காது. என் சாட்டர்ன் எஸ்எல்2-வை விற்கிற அன்றும் கதவுகளில் ஒரு நெளிவு கிடையாது. நியானிடம் அழகான முகம் இருக்கலாம். பொருளிலேயே புதிதாக யோசித்தது சாட்டர்ன்.

#3 கூரைக்கோடு

@சனிவளையம் ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பலகை அருமையான யோசனை. ஆனால் பிளாஸ்டிக் வெயிலில் விரியும் என்பதால் பலகைகளுக்கு இடையில் அகலமான இடைவெளி விட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் கதவைச் சுற்றி விரல் நுனி நுழையும்போல் தெரியும். பொருள் புதிது, உருவத்தில் அந்தப் புதுமை இல்லை. தள்ளிவைத்துப் பார்த்தால் அந்தக் காலத்து எந்தக் காராகவும் இருந்திருக்கலாம்.

#4 களிமண்

நான் சென்னையில் கார் வடிவமைப்புத் துறையில் வேலை செய்கிறேன், களிமண் மாதிரி செய்யும் பிரிவு. நியானை நேரில் பார்த்ததில்லை, படங்களில்தான். இருந்தாலும் எங்கள் துறையில் 90-களின் கிறைஸ்லரைத் தொடாமல் யாரும் தாண்டுவதில்லை. நியானின் இந்த உருவத்துக்கு கேப்-ஃபார்வர்டு என்று பெயர்; அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பலருக்கும் பெயர் தெரியும், வேலை செய்யும் விதம் தெரியாது.

வழக்கமான செடானில் மூன்று பெட்டிகள்: எஞ்சினுக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று, சாமானுக்கு ஒன்று. கேப்-ஃபார்வர்டில் நடுப்பெட்டியைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துவிடுகிறார்கள். விண்ட்ஷீல்டின் அடி விளிம்பு எஞ்சினை நோக்கி முன்னால் போகிறது, கண்ணாடி நன்றாகச் சாய்கிறது, சக்கரங்கள் மூலைகளுக்குத் தள்ளப்படுகின்றன. பின் கண்ணாடியும் சாய்ந்து டிக்கி குட்டையாகிறது. 1987-ல் லம்போர்கினி கிறைஸ்லர் கையில் இருந்தபோது போர்டோஃபினோ என்று ஒரு காட்சிக் கார் செய்தார்கள். அந்த உருவத்தின் விதை அங்கே இருக்கிறது. டாம் கேல் தலைமையில் இருந்த வடிவமைப்புக் குழு 1993 மாடல் இன்ட்ரெபிட், கான்கார்ட் போன்ற பெரிய கார்களில் அதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு வருடத்துக்குள்ளேயே அதே உருவத்தை 9,000 டாலர் காருக்கு இறக்கினார்கள். எனக்கு ஆச்சரியம் தருவது அதுதான். பெரும்பாலும் புது உருவம் விலை உயர்ந்த காரில் பல வருடம் இருந்து பழசான பிறகுதான் கீழே வரும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கண்ணாடி அவ்வளவு முன்னால் போனால் டேஷ்போர்டு ஒரு மேசை அளவுக்கு ஆழமாகும். சாய்ந்த கண்ணாடியில் அதன் பிம்பம் விழும், அதனால் மேல்பக்கத்துக்கு மங்கலான கருநிறமே கொடுக்க வேண்டும். பக்கத் தூண் ஓட்டுபவரின் பார்வைக்குள் வரும். டிக்கி குட்டை என்பதால் அதன் வாய் சிறியதாகும். @கூரைக்கோடு அண்ணா, ஆறு வருடம் ஓட்டியிருக்கிறீர்களே, இவையெல்லாம் தெரிந்தனவா?

#5 கூரைக்கோடு

நன்றாகவே தெரிந்தன. விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தைத் துடைப்பது தனி வேலை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடியின் அடி மூலை கைக்கு எட்டாது. பக்கத்து சீட்டில் முழங்காலை ஊன்றி, துணியைப் புறங்கையால் தள்ளித்தான் அங்கே கொண்டுபோக வேண்டும். பிரேக் போட்டால் டேஷ்போர்டு மேலே வைத்த பார்க்கிங் ரசீது வழுக்கி அந்த மூலைக்குப் போய்விடும். அதை ஸ்கேலால் நெம்பி எடுப்பேன்.

ஆனால் அதே ஆழம்தான் உள்ளே உட்கார்ந்தவனுக்கு "இது சின்ன கார்" என்ற நினைப்பே வராமல் செய்தது. கண்ணாடி முகத்துக்கு நேரே நிற்காமல் எங்கோ தூரத்தில் நிற்கும். ஊரிலிருந்து அப்பா வந்தபோது முன் சீட்டில் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் நீட்டி, டேஷ்போர்டைத் தொட முடிகிறதா என்று பார்த்தார். ஆறடி மனிதர். அதுவரை அம்பாசடர்தான் அவருக்குப் பெரிய கார். டிக்கியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி: அவருடைய பெரிய சூட்கேஸ் அதன் வாய்க்குள் நுழையவில்லை, பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தோம்.

#6 வெண்பலகை

நியானின் அந்த "ஹாய்" விளம்பரம் யாருக்காவது நினைவிருக்கிறதா? வெள்ளைப் பின்னணி, நேரே பார்க்கும் கார், ஒரே ஒரு வார்த்தை. எத்தனை குதிரைசக்தி, எவ்வளவு மைலேஜ், ஒன்றும் கிடையாது. முகம் பேசும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அப்படி ஒரு விளம்பரம் எடுக்க முடியும்.

#7 ஸ்காபரோ கராஜ்

வணக்கம். நான் ரொறன்ரோவில் இருபத்தைந்து வருசமாகக் கார் திருத்துகிறவன். நியான் இங்கேயும் நிறைய ஓடினது, என் கைக்குக் கீழே வந்ததும் கனக்க. கூரைக்கோடு அண்ணை சொல்வது எல்லாம் சரி, வடிவான கார்தான். ஆனால் வடிவைப் பற்றிக் கதைக்கும்போது பொனற்றுக்குக் கீழே இருப்பதையும் கதைக்க வேணும்.

எஞ்சின் 2 லிட்டர், சாதாரண மாடலில் 132 குதிரைசக்தி. அந்த நேரம் சாதாரண சிவிக்கில் 102, கொரோலா 1.6-இல் 105. அந்தக் காசுக்கு இது பெரிய விசயம். வளைவில் நல்லாகப் பிடிக்கும். அதனால்தான் ஏசிஆர் என்று நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கோடு ஒரு மாடல் விட்டார்கள், கிளப் பந்தயக்காரர் அதைத் தேடி வாங்கினார்கள்.

ஆனால் ஹெட் கஸ்கெற், எஞ்சினின் கீழ்ப்பாகமான பிளொக்குக்கும் மேலே இருக்கிற ஹெட்டுக்கும் நடுவில் போடுகிற அடைப்பு. நியான் என்றால் திருத்துகிற எவனும் முதலில் சொல்வது அதைத்தான். பிளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடாகும்போது இரண்டும் ஒரே அளவில் விரியாது. நடுவில் இருக்கிற கஸ்கெற் ஒவ்வொரு தரமும் உரசுப்படும். முதல் வருசங்களில் போட்ட கலவைக் கஸ்கெற் அதைத் தாங்கவில்லை, ஒயில் கசியத் தொடங்கும், பிறகு எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்றும் போகும். பின்னாளில் பல அடுக்கு உருக்குத் தகட்டுக் கஸ்கெற் வந்தது. அதைப் போட்டபிறகு அந்த எஞ்சின் நல்ல எஞ்சின். அந்த நல்ல கஸ்கெற்றை முதல் நாளே போட்டிருந்தால், காரின் பெயர் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்னொன்று, கண்ணாடியை முன்னுக்குத் தள்ளினால் திருத்துகிறவனுக்குக் கை போட இடம் குறையும். நியானில் அவ்வளவு மோசமில்லை. அதன் அண்ணன் ஸ்ட்ராட்டஸில் பற்றரியைக் கொண்டுபோய் முன் சக்கரத்துக்கு முன்னால், பம்பருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். பற்றரி மாற்ற சில்லுப் பக்கமாகக் கை விடவேணும்.

#8 கூரைக்கோடு

கராஜ் அண்ணா, உங்கள் பதிவுக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தகட்டை நல்ல வளைவாக அச்சில் அடிக்கவும், சப்பையான வளைவாக அடிக்கவும் ஆகிற செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. நியானின் முகம் அவர்களுக்குக் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தது, யோசித்த மூளைக்கு மட்டும்தான் செலவு. மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்களையும் பலவற்றில் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். அடிப்படை மாடலில் பெயின்ட் அடிக்காத சாம்பல் நிற பம்பர், கீறினாலும் தெரியாது. பின் கதவுகளுக்குக் கையால் சுற்றும் ஜன்னல்தான், எவ்வளவு காசு கொடுத்தாலும் பவர் விண்டோ முன்னால் மட்டும். இவை வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும் சிக்கனம். பார்த்து, ஒப்புக்கொண்டு வாங்குகிறார். கஸ்கெட் அப்படியில்லை. ஷோரூமில் யாரும் அதைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சிக்கனத்தைப் பார்வைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள், நல்ல வடிவத்தின் மேல் இருந்த நம்பிக்கையையும் அது கெடுத்துவிட்டது. இன்று நியான் என்றால் முகத்துக்கு முன்னால் கஸ்கெட் ஞாபகம் வருகிறதே, எனக்கு அதில்தான் வருத்தம்.

#9 தாழ்வாரம்

பின் ஜன்னல் விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். 2003-ல் நியானின் வேக மாடல் எஸ்ஆர்டி-4 வந்தது, 2.4 லிட்டர் டர்போ, 200 குதிரைசக்திக்கு மேல். அதிலும் பின் ஜன்னலைக் கையால்தான் சுற்ற வேண்டும். அந்த அளவுக்கு வேகமான காரிலும் அதைத் தொடாமல் விட்டது சரிதானா? அப்புறம் அந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக். மற்றவர்கள் பலர் நான்குக்குப் போய்விட்ட காலத்தில் இவர்கள் 2001 மாடல் வரை மூன்றையே கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டே வரும். அதுவும் பார்வைக்குத் தெரியாத சிக்கனம்தானே?

#10 கூரைக்கோடு

ஆமாம், ஆட்டோமேட்டிக் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஐந்து கியர் மேனுவலோடு வாங்கினால் அது வேறு கார். நான் ஓட்டியது மேனுவல், அதனால் அந்தக் குறையை லேசாக எடுத்துக்கொண்டேன். எஸ்ஆர்டி-4 ஜன்னல் எனக்குப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. அந்தக் காசு டர்போவுக்குப் போனது என்று வாங்கியவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

#11 மாலினி_அரிசோனா

இவ்வளவு பேசுகிறீர்கள், பாதுகாப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ்-ஸின் முன்பக்க மோதல் சோதனையில் முதல் தலைமுறை நியானுக்குக் கிடைத்தது "மோசம்" என்ற கடைசித் தரம். என் தங்கை கல்லூரிக்குப் போக இந்தக் காரைத்தான் பார்த்தோம். அதைப் படித்தபிறகு வேண்டாம் என்று விட்டோம். மூக்கைக் குட்டையாக்கி ஆட்களை முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்ததுதான் காரணமா?

#12 களிமண்

@மாலினி நியாயமான கேள்வி, இதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

கேப்-ஃபார்வர்டில் விண்ட்ஷீல்டுதான் முன்னால் போகிறது, ஆட்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. ஓட்டுபவருக்கும் பம்பருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அந்த அளவுள்ள மற்ற கார்களில் இருப்பதுபோலத்தான். அந்தச் சோதனையில் மணிக்கு 40 மைல் வேகத்தில் காரின் முன்பக்க அகலத்தில் 40 சதவீதத்தை மட்டும் தடுப்பில் மோதவிடுவார்கள். முழு முகமும் மோதினால் இரண்டு பக்க உத்தரங்களும் விசையைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு ஓரம் மட்டும் மோதினால் ஒரே உத்தரம் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அது மடங்கினால் தூணும் பெடல்களும் உட்காரும் இடத்துக்குள் வந்துவிடும். ஐஐஎச்எஸ் இந்த வகைச் சோதனையைத் தொடங்கியது 1995-ல். நியான் வரைபலகையை விட்டு இறங்கியபிறகு. இது விளக்கம்தான், சமாதானம் இல்லை. அந்தக் காரில் உட்கார்ந்தவர்களின் கால்களுக்கு இந்த விளக்கத்தால் ஒரு பயனும் கிடையாது. ஓட்டுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் முதல் நாளிலிருந்தே ஏர்பேக் கொடுத்தார்கள், எல்லா மாடலிலும். அந்த விலையில் அது நல்ல முடிவு. ஆனால் சட்டகம் பலமாக இல்லாத இடத்தில் ஏர்பேக் மட்டும் போதாது.

உங்கள் தங்கைக்கு நீங்கள் எடுத்த முடிவு சரியான முடிவு.

#13 கூரைக்கோடு

மாலினி, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. நான் அந்தக் காரை ஓட்டிய காலத்தில் இந்தத் தரத்தைப் படித்திருந்தால், குழந்தை பிறந்தபிறகு அதை வைத்திருக்க மாட்டேன்.

#14 ஸ்காபரோ கராஜ்

கதவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. முதல் தலைமுறை நியானின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லை. கதவைத் திறந்தால் கண்ணாடி மட்டும் மொட்டையாக நிற்கும், பெரிய கூப்பே கார்களில் இருக்கிற மாதிரி. மலிவான நாலு கதவுக் காரில் அதைச் செய்தது பெரிய துணிவு. கூரைக்கோடு மெல்லிசாக வந்ததும் அதனால்தான், சட்டம் இருந்தால் அந்தக் கோடு தடிச்சுப்போகும். ஆனால் கண்ணாடி ஒவ்வொரு தரமும் ரப்பரில் போய்ச் சரியாக அமரவேணும். வயது போகப்போக ரப்பர் இறுகும், கண்ணாடி ஒரு மில்லிமீற்றர் வெளியே சரியும், காற்றுச் சத்தம் வரும், மழைத் தண்ணியும் உள்ளே வரும்.

#15 களிமண்

கராஜ் அண்ணா சொன்னபிறகு பழைய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உண்மைதான்! கூரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கறுப்பு ரப்பர் ஒரு கோடு மட்டும். இரண்டாம் தலைமுறையான 2000 மாடலில் கதவுக்குச் சட்டம் வந்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டாவது காரின் தலை கனத்துவிட்டது தெரிகிறது. அமைதியாக, தண்ணீர் வராமல் இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஹெட்லைட்டும் தனியாக ஒரு முட்டையாக நிற்காமல் மற்ற விளக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முதல் கார் நம்மைப் பார்க்கிறது. இரண்டாவது கார் பார்க்கவில்லை.

#16 தாழ்வாரம்

வெளிநாட்டிலும் விற்றார்கள், கிறைஸ்லர் நியான் என்ற பெயரில். ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வலதுபக்க ஸ்டியரிங்கோடு போனது. அதே காலத்தில் செவ்ரலே கவலியரை ஜப்பானில் டொயோட்டா கவலியர் என்று டொயோட்டாவே விற்றது. இரண்டும் அங்கே எடுபடவில்லை.

#17 கூரைக்கோடு

போன மாதம் ராக்ஃபோர்ட் போகும் வழியில் பெல்விடியரைத் தாண்டினேன். நியான் அங்கேதான் செய்தார்கள் (மெக்சிகோவில் டொலுக்காவிலும்). 2005-ல் நியான் நின்றது, அப்புறம் அதே ஆலையில் டாட்ஜ் காலிபர், அப்புறம் 2013 மாடல் டாட்ஜ் டார்ட். டார்ட்டும் 2016-ல் நின்றுவிட்டது; லாபம் எஸ்யூவியிலும் பிக்-அப்பிலும் இருக்கும்போது சின்ன செடான் எதற்கு என்ற கணக்கு. 2023 பிப்ரவரியில் ஆலையின் ஓட்டத்தையே நிறுத்தினார்கள். நான் போன அன்று கார் நிறுத்தும் இடத்தின் பெரும்பகுதி வெறும் தாராக இருந்தது. வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இன்று இங்கே வேலைக்கு வருகிற ஒரு பையனுக்கு 1994-ன் 9,000 டாலருக்கு ஈடான விலையில், அமெரிக்க நிறுவனம் செய்த ஒரு புது செடான் வேண்டும் என்றால் காட்ட எதுவும் இல்லை. முகம் நன்றாக இருக்கிறதா என்று பேசும் இடத்துக்கே நாம் வரமாட்டோம்.

சரி, ஒரு செய்தி. பக்கத்து ஊரில் 1998 நியான் செடான் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, மேனுவல், ஒரே வீட்டில் இருந்த வண்டி. தினசரி ஓட்ட இல்லை. கராஜில் வைத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று போக. கராஜ் அண்ணா, எதை எதைப் பார்க்க வேண்டும்?

#18 ஸ்காபரோ கராஜ்

எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கோ, அவர்கள் முதலே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்க விடாதேங்கோ. கூலன்ற் மூடியைத் திறந்து உள்ளே ஒயில் படலம் மிதக்குதா என்று பாருங்கோ. ஹெட்டும் பிளொக்கும் சேருகிற இடத்தில் ரோச் அடித்து, முக்கியமாக மூலைகளில் ஒயில் ஈரம் இருக்குதா பாருங்கோ. கஸ்கெற் மாற்றின ரசீது இருந்தால் கேளுங்கோ. பல அடுக்குத் தகடு என்று எழுதியிருந்தால் பாதிக் கவலை போச்சு.

பிறகு நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, கண்ணாடியின் மேல் விளிம்பில் விரலை ஓடவிடுங்கோ. ரப்பரும் கண்ணாடியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தட்டுப்படவேணும். காலுக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கி ஈரம் பாருங்கோ.

#19 கூரைக்கோடு

குறித்துக்கொண்டேன் அண்ணா. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள், எஞ்சினைத் தொட வேண்டாம் என்று இப்போதே போன் செய்து சொல்லிவிடுகிறேன். @களிமண், உங்களுக்காக முன்பக்கம், பக்கவாட்டு, கதவு திறந்த நிலை மூன்றையும் படம் எடுத்துப் போடுகிறேன். வேறு கோணம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

#20 களிமண்

பின் மூலையிலிருந்து ஒன்று, தரைக்குப் பக்கத்தில் குனிந்து. கூரை டிக்கியில் வந்து சேரும் இடம் முழுசாகத் தெரிய வேண்டும். எந்தப் படத்திலும் அது சரியாக விழவில்லை.